மூடி வைத்த நிப்பு

பழைய பேனா வாங்கி ஏமாந்தவர்கள் முதல் வாரம் விற்றவரைத் திட்டுவார்கள். இரண்டாம் வாரம் தங்களையே திட்டிக்கொள்வார்கள். பேனாவை மட்டும் யாரும் திட்டுவதில்லை. எழுபது வயதான பொருளைக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது. அதிலும் அது பார்க்கர் 51 என்றால் கூச்சம் இரட்டிப்பாகும். மைப்பேனா பிரியர்களிடம் அதற்கு உள்ள பெயர் அப்படி. சென்ற ஆண்டு அந்தப் பேனா ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கி நானும் ஏமாந்தேன். திட்டுகிற இரண்டு வாரங்களும் கடந்துவிட்டன. இந்த ஏமாற்றத்தில் விற்றவர் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு, பேனாவின் பங்கு எவ்வளவு என்று இனி நிதானமாகக் கணக்குப் பார்க்கலாம். மூன்றாவது பங்கு பூஜ்யம் இல்லை என்பது என் கட்சி.

முதலில் பேனாவுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஜேன்ஸ்வில் என்ற ஊரில், ஜார்ஜ் சாஃபோர்ட் பார்க்கர் 1888இல் கம்பெனியைத் தொடங்கினார். 51 ஆண்டு நிறைந்த 1939இல் இந்தப் பேனா உருவாகி முடிந்தது. அந்த எண்ணே பெயராயிற்று. எண்ணை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது. 1941இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது விலை 12.50 டாலர்.

அதுவரை நிப்பு என்றால் வெளியே நீட்டிக்கொண்டு இருப்பது. காற்றுப்பட்டால் காயும். விரல் பட்டால் மை ஒட்டும். 51 அதைச் சின்னக் குழாயாகச் சுருட்டி, பிளாஸ்டிக் கூட்டுக்குள் இழுத்து மூடியது. தாளைத் தொடும் நுனி மட்டும் எலி மூக்கு மாதிரி எட்டிப் பார்க்கும். கூட்டுக்குள் நிப்பைச் சுற்றி 'கலெக்டர்' என்ற பாகம் இருக்கும். சீப்புப் பற்கள்போல நெருக்கமான மெல்லிய இடுக்குகள் அதில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும்போது, அந்த உபரி மை தாளில் சொட்டாமல் இந்த இடுக்குகளில் தங்கிக்கொள்ளும். நிப்பும் ஈரம் காயாமல் இருக்கும். மூடியைத் திருக வேண்டாம்; செருகினால் போதும். உடல் லூசைட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். அதற்கும் காரணம் உண்டு. எழுதியதும் தாளுக்குள் இறங்கிக் காய்ந்துவிடும் மை ஒன்றைப் பார்க்கர் தயாரித்திருந்தது. காரம் மிகுந்த அந்த மை, அன்றைய பேனாக்களின் செல்லுலாய்ட் உடலைக் கெடுத்துவிடும். லூசைட் தாங்கியது. உள்ளே இருந்த மற்ற பாகங்களில் சில தாங்கவில்லை.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். எழுதுகிறவர் பேனாவைப் பற்றி நினைக்கவே கூடாது. எடுத்ததும் எழுத வேண்டும், ஒற்றுத்தாள் தேடக் கூடாது, விரலில் கறை படக் கூடாது. இந்த நோக்கத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பேனாவின் பெருமையும் குற்றமும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

புகழுக்குச் சாட்சிகளும் குறைவில்லை. 1945 மே 7 அன்று பிரான்சின் ரைம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்திட்ட பிறகு, நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசனோவர் இரண்டு பேனாக்களை வெற்றிக்குறியாக விரித்துப் பிடித்துப் படத்துக்கு நின்றார், அவை பார்க்கர்கள். பாவ்ஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் முன்னாள் ஆசிரியர் மொஹோலி-நாகி தன் எழுத்தில் 51இன் வடிவத்தைப் பாராட்டினார். அவர்தான் அதை வடிவமைத்தார் என்றுகூடச் சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை, பேனா கடைக்கு வந்த பிறகே அவர் பார்க்கருக்கு ஆலோசகரானார். இந்தச் சாட்சிகள் பொய்யல்ல. ஆனால் அவை எதற்குச் சாட்சி? முதல் சாட்சி அன்றைய கௌரவத்துக்கு, இரண்டாவது வடிவ அறிவுக்கு. எழுபது ஆண்டு ஓடிய ஒரு தனிப் பேனா இன்று என் கையில் எப்படி எழுதும் என்பதை இவை இரண்டும் சொல்லவில்லை. நான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். என் முதல் தவறு அங்கே தொடங்குகிறது.

நான் வாங்கியது சாம்பல் நிற உடலும் ஸ்டீல் மூடியும் கொண்டது. விலை 9,000 ரூபாய். விற்றவர் மூன்று விஷயம் சொன்னார்: சர்வீஸ் செய்தது, தங்க நிப்பு, புதுசு மாதிரி எழுதும். உடல் கண்ணாடிபோல் பளபளத்தது. அந்தப் பளபளப்பிலேயே மூன்றையும் நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து மை நிரப்பி உட்கார்ந்தேன். முதல் இரண்டு வரி ஒழுங்காக வந்தது. மூன்றாவது வரியில் மை மெலிந்தது, ஐந்தாவதில் நின்றது. உதறினால் ஒரு சொட்டு விழுந்தது, மறுபடி வறட்சி. வந்த எழுத்திலும் ஒரு விசித்திரம்: 'ப', 'ட', 'ம' எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன, 'இ', 'ஞ', 'ழ' எழுதும்போது சுழியில் தாளைக் கீறியது.

இந்தக் கீறலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிப்பின் நுனி நடுவில் பிளந்து இரண்டு பற்களாக இருக்கும். ஒரு பல் மற்றதைவிட மயிரிழை தாழ்ந்திருந்தாலும், ஒரு பக்கம் இழுக்கும்போது வழுக்கும். எதிர்ப்பக்கம் போகும்போது தாழ்ந்த பல்லின் உள் விளிம்பு தாளைப் பிறாண்டும். நேர்கோடுகள் மிகுந்த எழுத்தில் இது தப்பித்துப் போகலாம். தமிழில் தப்பாது. ஒரே 'ஞ'வுக்குள் பேனா மேலே ஏறி, சுழித்து, இறங்கி, வலமும் இடமும் போய் வருகிறது. நிப்பின் குறையைக் கண்டுபிடிக்கத் தமிழ் எழுத்தைவிட நல்ல பரிசோதனை இல்லை. கடையில் நான் போட்டது என் ஆங்கிலக் கையெழுத்து. அதுவும் மை தொட்டுப் போட்ட ஒரே கையெழுத்து. 'இ' ஒன்று எழுதிப் பார்த்திருந்தால் 9,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

பேனா ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் எழுதிப் பார்க்கவே இல்லை. உடலை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல பார்க்கர்னு பொறிச்சிருக்கணுமே, எங்க?"

"பழசு இல்லையா ஐயா, தேஞ்சிருக்கும்."

"தேயல. தேச்சிருக்காங்க. மெஷின்ல பாலிஷ் போட்டு எழுத்தையே எடுத்துட்டாங்க. மூஞ்சியக் கழுவிக் குடுத்திருக்காங்க, குடலக் கழுவல."

நான் தரத்தின் அடையாளம் என்று நினைத்த பளபளப்பு, மறைப்பின் அடையாளமாக இருந்தது. நிப்பை மூடியிருக்கும் கூடு, அரக்குப் பூசித் திருகப்பட்டது. மெல்லச் சூடு காட்டி அதைக் கழற்றினார். சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் லூசைட் வளைந்துவிடும் என்பதால் அதற்கே நெடுநேரம் பிடித்தது. உள்ளே கலெக்டரின் இடுக்குகளில் பழைய மை பாறையாக இறுகியிருந்தது. நிப்பின் ஒரு பல் தாழ்ந்திருந்தது. நுனியில் இருக்கும் கடின உலோகம், இரிடியம் என்று வழக்கில் சொல்கிறோமே, அது ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. யாரோ ஒருவர் பல வருடம் ஒரே சாய்வில் பிடித்து எழுதிய தேய்மானம். அவர் கைக்கு அது வெண்ணெயாக இருந்திருக்கும். என் கைக்கு முள்.

நிப்பு தங்கம்தான், 14 காரட். ஆக விற்றவர் சொன்ன மூன்றில் ஒன்று உண்மை. ஆனால் அந்த உண்மையையும் அவர் அறிந்து சொல்லியிருக்க முடியாது. கூட்டை அவர் கழற்றியதே இல்லை என்று பெரியவர் சொன்னார். நம்பத்தகாத மனிதர் என்று அவரை ஒதுக்கிவிட்டு நகர எனக்கும் ஆசைதான். ஆனால் பார்க்காமலே ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல அவரால் எப்படி முடிந்தது? பார்க்காமலே அதை நம்ப என்னால் எப்படி முடிந்தது? இரண்டுக்கும் வழிவிட்டது பேனாவின் அமைப்பு.

என் வாதத்தின் நடு இது. உபயோகிப்பவர் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்பது 51 புதிதாக இருந்தபோது வரம். கம்பெனி பார்த்துக்கொண்டது, கடைக்காரர் பழுது பார்த்துக் கொடுத்தார். அதே மூடல், பேனா கைமாறும் நாளில் சாபமாகிறது. வாங்குபவர் எதையும் பார்க்க முடிவதில்லை. திறந்த நிப்புள்ள பழைய பேனாவில் தங்க முத்திரை தெரியும், வெடிப்புத் தெரியும், நிப்புக்கு அடியில் உள்ள கட்டையில் மை அடைத்திருப்பது தெரியும். 51இல் இவை எல்லாம் கூட்டுக்குள்.

இந்த மூடல் எத்தனை வேஷத்துக்கு இடம் கொடுக்கிறது என்று பாருங்கள். 51 ஸ்பெஷல் என்ற மலிவான வகையில் தங்கத்துக்குப் பதில் ஆக்டேனியம் என்ற கலப்பு உலோக நிப்பு; எட்டு உலோகம் சேர்ந்ததால் அந்தப் பெயர். மோசமான நிப்பு அல்ல, ஆனால் தங்கமும் அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே எலி மூக்குதான். 1948இல் பார்க்கரே கொண்டுவந்த 21 என்ற குறைந்த விலைப் பேனாவுக்கும் அதே முகம். அதன் பிளாஸ்டிக் வேறு, காலப்போக்கில் விரிசல் விடுவது. பழைய பொருள் சந்தையில் 21ஐ 51 என்று சொல்லி விற்பது நடக்கிற காரியம். பிறகு ஷாங்காயின் ஹீரோ பேனா. நம் ஊர்ப் பள்ளிகளில் பலர் முதன்முதலில் பிடித்த மூடிய நிப்பு ஹீரோவுடையதுதான். அதன் ஜாடை 51இன் ஜாடை. மூடியை மாற்றிச் செருகிவிட்டால் அவசரக்காரர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு மறுப்பு உண்டு. 51இன் ரசிகர் சொல்வார்: "நுனி வெளியேதானே இருக்கிறது? பத்து மடங்கு காட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் பல் ஏறி இறங்கியிருப்பதும் நுனி தேய்ந்திருப்பதும் தெரிந்திருக்குமே? மை நிரப்பி அரைப் பக்கம் எழுதியிருந்தால் மை நிற்பதும் தெரிந்திருக்குமே?" நியாயம். ஒத்துக்கொள்கிறேன். வாங்கும் முன் நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்றைக் கையில் எடுத்திருந்தால் என் கதையில் பாதி நடந்திருக்காது. கத்தரிக்காய் வாங்கும்போதே காம்பைத் திருப்பிப் பார்க்கிறவன் நான். பேனாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதன் பெயரைப் பார்த்தேன். எனவே மூடலைக் குற்றம் சொல்லி என் பங்கை முழுக்கத் துடைத்துக்கொள்ள முடியாது. ஆனால் மறுப்பு பாதி தூரம்தான் செல்கிறது. கூட்டுக்குள் நிப்பு வெடித்திருந்தாலோ, கலெக்டரின் பற்கள் உடைந்திருந்தாலோ லென்ஸ் காட்டாது.

பேனாவுக்குச் சாதகமான சாட்சி ஒன்றும் பெரியவர் மேசையிலேயே கிடைத்தது. தொடக்கத்தில் 51இல் இருந்தது வாக்குமேட்டிக் என்ற மை ஏற்றும் முறை. அடிப்பக்கம் உள்ள அமுக்கியை அமுக்க அமுக்க, ரப்பர் சவ்வு ஒன்று மையை இழுக்கும். ரப்பர் மக்கும், மாற்றத் தனிக் கருவி வேண்டும். 1948 வாக்கில் வந்த ஏரோமெட்ரிக் முறையில் ரப்பர் இல்லை. உலோகக் கூட்டுக்குள் வளையும் பிளாஸ்டிக் பை. பக்கவாட்டுத் தகட்டை விரலால் அழுத்தி விட்டால் மை ஏறும். என்னுடையது ஏரோமெட்ரிக். எல்லாமே சீர்கெட்டிருந்த அந்தப் பேனாவில் எழுபது வருடப் பை மட்டும் ஒழுகாமல், வெடிக்காமல் வேலை செய்தது, கறைதான் ஏறியிருந்தது. பழைய பேனாக்களில் முதலில் சாகிற உறுப்பு மைப்பைதான். அதைச் சாகவிடாமல் வைத்தது சாதாரண சாதனை அல்ல. 51 எவ்வளவு நாள் உழைக்கும் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பையைக் காட்டுவேன்.

கலெக்டரைக் கழுவி, பல்லை நேராக்கி, நுனியைக் கொஞ்சம் உருட்டிக் கொடுத்ததற்கு 1,200 ரூபாய் ஆயிற்று. இப்போது பேனா எழுதுகிறது. 'ஞ' சுழிகிறது, 'ழ' கீறாமல் இறங்குகிறது. பத்து நாள் மேசையில் சும்மா கிடந்தபின் எடுத்தாலும் முதல் தொடலில் மை வருகிறது. விளம்பரம் எதைச் சொல்லி விற்றதோ அது அப்படியே நடக்கிறது.

இங்கேதான் இரண்டாவது ஏமாற்றம் வந்தது. முதலாவது பழுதால் வந்தது. இது பழுது நீங்கியதால் வந்தது. என் பேனா மிக நன்றாக எழுதுகிறது, ஆனால் ஒரு நல்ல ஜெல் பேனா மாதிரி எழுதுகிறது. கோடு ஒரே கனம். அழுத்தினால் விரியாது, தளர்த்தினால் மெலியாது. கூட்டுக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும் குழாய் நிப்பு வளைந்து கொடுப்பதற்கு இடமே இல்லை. நான் கற்பனை செய்துவைத்திருந்த பழைய பேனா வேறு: நிப்பு மூச்சுவிட வேண்டும், கையின் மனநிலை கோட்டில் தெரிய வேண்டும்.

இந்த ஏமாற்றத்துக்குப் பேனா பொறுப்பா? வடிவமைத்தவர்கள் அப்படி எதையும் வாக்குறுதி தரவில்லை. வளையும் நிப்பு வேண்டியவர் 1910களிலும் 20களிலும் வந்த, எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த பேனா ஒன்றைத் தேடியிருக்க வேண்டும், வாட்டர்மேன் 52 மாதிரி. அழகான நிப்பைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டியவர் 1950இன் பெலிக்கான் 400ஐப் பார்த்திருக்கலாம். மை எவ்வளவு மிச்சம் என்பதுகூட அதன் உடலிலேயே தெரியும். 51 அந்தப் பழைய உலகத்தை முடித்துவைக்க வந்த பேனா. சொட்டாத, காயாத, கவனம் கேட்காத எழுத்துக் கருவி என்று இன்று நாம் சாதாரணமாக எதிர்பார்க்கும் எல்லாவற்றையும் மைப்பேனாவுக்குள் முதலில் முழுமையாகக் கொண்டுவந்தது அது. அதன் வாரிசுகள் இன்றும் உண்டு. 1966இல் வந்த லாமி 2000 நிப்பைப் பாதி மூடிக்கொண்டு இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. 2021இல் பார்க்கரே 51 என்ற பெயரில் ஒன்றை மறுபடி வெளியிட்டது. ஆனால் செருகு மூடிக்குப் பதில் திருகு மூடி வைத்தது. பழமையின் வாசனைக்காக 51ஐ வாங்குவது, கிராமத்துச் சமையல் தேடிப் போய் பிரஷர் குக்கர் கண்டுபிடித்தவர் வீட்டில் சாப்பிட உட்காருவது மாதிரி. சோறு நன்றாகவே வெந்திருக்கும். மண்சட்டி ருசிதான் இருக்காது. அங்கே அதைத் தேடியது நம் பிழை.

ஆனால் முழுவதும் நம் பிழையா? இன்று அந்தப் பேனாவைச் சுற்றி நடக்கும் பேச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். விற்பவரும் சேகரிப்பவரும் 51ஐப் பழம்பொருளாக அலங்கரிக்கிறார்கள். வருடம், நிறம், மூடியின் தங்க முலாம், ரைம்ஸ் நகரத்துப் படம். எழுதும் தன்மையைப் பற்றி ஒரே சொல்: வழவழப்பு. வழவழப்பு உண்மைதான். அதன் விலை என்ன என்பதைச் சொல்கிறவர் குறைவு. கோட்டின் உயிரைக் கொடுத்து வாங்கிய வழவழப்பு அது. இதைச் சொல்லிவிட்டு விற்றால் பாதிப்பேர் வாங்காமல் போவார்கள். மீதிப் பாதி ஏமாறாமல் வாங்குவார்கள்.

இப்போது கணக்கை முடிக்கலாம். நூற்றுக்கு நூறு ஏமாற்றத்தில் விற்றவருக்கு 40 கொடுக்கிறேன்: பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதற்கும், பொறித்த எழுத்தை அழித்துப் பளபளப்பை விற்றதற்கும். எனக்கு 35: லென்ஸும் அரைப் பக்கத் தாளும் இல்லாமல் பெயரை வாங்கியதற்கும், வடிவத்தின் புகழை எழுத்தின் சுகமாக மொழிபெயர்த்துக்கொண்டதற்கும். மீதி 25 பேனாவுக்கு. அது மோசமாகச் செய்யப்பட்டதால் அல்ல. முதல் சொந்தக்காரருக்காக மட்டும் நினைத்துச் செய்யப்பட்டதால். இரண்டாவது கை ஒன்று வரும், அது உள்ளே பார்க்க விரும்பும் என்பதற்கு அந்த அமைப்பில் இடமே வைக்கவில்லை. எழுபது ஆண்டு உழைக்கும் பொருளைச் செய்தவர்கள் அதன் இரண்டாம் வாழ்க்கையை யோசிக்காமல் விட்டது குறைதான்.

தீர்ப்பு: கருவியாக 51 முதல் தரம், இன்றும் அந்த இடத்தை இழக்கவில்லை. செகண்ட்ஹேண்ட் சரக்காக அது அபாயமானது, பெயர் தெரிந்த மற்ற பழைய பேனாக்களைவிட ஒரு படி அதிகம். நாள் முழுக்க எழுதுகிறவர், கோட்டின் கனம் மாற வேண்டும் என்று கேட்காதவர், ஏரோமெட்ரிக் வகையில் ஒன்றை, கூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்தவரிடமிருந்தே, மை நிரப்பி அரைப் பக்கம் தமிழ் எழுதிப் பார்த்து வாங்கலாம். உடலில் பொறித்த எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; அதிகமாகப் பளபளத்தால் விலகிவிட வேண்டும். பழமையின் ரசனை தேடுகிறவர் வேண்டாம். கையால் கடைந்த பேனாவின் சுகம் வேண்டும் என்றால் திருவள்ளூரில் ரங்கா என்ற பெயரில் எபோனைட் பேனாக்களை இன்றும் கடைகிறார்கள். நிப்பு கண்ணுக்கு முன்னால் இருக்கும், குறை இருந்தால் செய்தவரிடமே கேட்கலாம்.

என் பேனாவை விற்றுவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். விற்கவில்லை. தினமும் அதில்தான் எழுதுகிறேன்; அதை எடுத்து ரசித்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். பார்க்கர் 51 எழுத வாங்க வேண்டிய பேனா. பார்க்க வாங்கக் கூடாது. பார்க்க வேண்டியதெல்லாம் அது உள்ளேதான் வைத்திருக்கிறது.